பதினேழாம் எண்ணுக்குப் போட்ட இரை

நாகம் எலி தின்னும் என்று உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறார். முதலில் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து நாகம் வெளியே திரியும்போது தேரைதான் தின்னும். தீவனப்புல் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய அன்று சாயங்காலம் வாய்க்கால் ஓரத்தில் போய் நில்லுங்கள், நீங்களே பார்க்கலாம். தேரை, அப்புறம் குருவிக்குஞ்சு, கோழிமுட்டை, தன்னைவிடச் சின்னப் பாம்பு. எலி எதிரே வந்தால் விடாது, ஆனால் எலியைத் தேடிப் போகாது. கூண்டில் அடைத்த பிறகுதான் எல்லோரும் எலியைப் போடுகிறார்கள். எலி வளர்ப்பது சுலபம், அவ்வளவுதான் காரணம். பாம்பைக் கேட்டு யாரும் போடவில்லை.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

என் பெயர் இன்ஸாஃப். வயது இருபத்தாறு. விலங்கியல் பட்டம். எங்கள் கஃப்ர் சுவைலம் கிராமத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான்தான், எங்கள் குடும்பத்தில் ஆணையும் சேர்த்து முதல் ஆள். நான்கு தலைமுறையாகப் பாம்பு பிடிக்கிற குடும்பம். அப்பா ஹாஜ் கெனாவி. தம்பி ஷெஹாத்தா, என்னைவிட இரண்டு வயது சின்னவன். என் அம்மாவை ஊரில் ‘உம்மு ஷெஹாத்தா’ என்றுதான் கூப்பிடுவார்கள், ஷெஹாத்தாவின் தாய் என்று. மூத்தவள் நான். நான் பிறந்து அவன் பிறக்கும்வரை இரண்டு வருஷம் அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று ஒருநாள் கேட்டேன். “யாரு கூப்பிட்டா?” என்றாள்.

நான் கல்லூரிக்கு மினிபஸ் ஏறிய முதல் வாரம் ரொட்டிக்கடை வரிசையில் பேசிக்கொண்டார்கள். “கெனாவி பொண்ணு பாம்பைப் பத்திப் படிக்க ஃபையூம் வரைக்கும் போவுதாம். ஏன், வீட்டுல இருக்கிற பாம்பு பத்தலையா?” எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டில் இருந்த பாம்புகளுக்கு என்ன நடக்கிறது என்று அவர்களைவிட எனக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பிடித்த பாம்புக்கு இரை போடுவதில்லை. அது வழக்கம். ரொட்டியும் உப்பும் தின்றவர் விருந்தாளி, விருந்தாளியை விற்கக்கூடாது. விற்கத்தானே பிடிக்கிறோம்? அதனால் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடுவார்கள். ஆள் வந்தால் விற்பார்கள். வராவிட்டால் ஐந்து வாரம், ஆறு வாரம், சில சமயம் மூன்று மாதம். பாம்பு சாவதற்கு அவ்வளவு நாள் எடுக்கும். சாக்கைத் தொட்டுப் பார்த்தால் கயிறு மாதிரி இருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்து எது செத்துவிட்டது என்று சொல்லும் வேலை என்னுடையது. நான் தப்பாகச் சொன்னதே இல்லை.

பட்டம் வாங்கி வந்ததும் அப்பாவிடம் சொன்னேன், இனி நான் இரை போடப்போகிறேன் என்று.

“நம்ம வீட்டு உப்பைத் தின்னதை அப்புறம் எப்படிடி விக்கிறது?”

“விக்க வேணாம் யப்பா. வச்சுக்குவோம். விஷத்தை மட்டும் எடுத்து மருந்து செய்யிறவங்களுக்குக் குடுப்போம். விருந்தாளி விருந்தாளியாவே இருக்கட்டும்.”

அவர் தேநீர் கிளாஸைக் கீழே வைத்தார். வழக்கமும் கெடவில்லை, வருமானமும் வருகிறது. அந்த யோசனை ஷெஹாத்தா வாயிலிருந்து வந்திருந்தால் அன்றைக்கே ஆடு அறுத்திருப்பார்.

“இதுங்களுக்குச் சோறு போடுறது யாரு?”

“நான்தான்.”

“அப்ப சரி. ஆம்பளைங்களுக்கு அதுல வேலை இல்ல” என்றார்.

கழுதைக் கொட்டகையைக் கழுவி, வெள்ளையடித்து, இருபத்திரண்டு பெட்டிகள் வைத்தேன். எண் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் எப்போது என்ன போட்டேன், தின்றதா, தின்னவில்லையா என்று நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. அதில் என் கையெழுத்தைத் தவிர வேறு கையெழுத்து கிடையாது. பார்த்திருப்பீர்கள்.

பதினேழாம் பெட்டியில் இருந்தது ஒரு பெண் நாகம். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு கோழிக்கூண்டில் அப்பா பிடித்தது. மூன்று மாதம் எலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூண்டுக்குள் இருக்கிற பாம்பு தின்னாவிட்டால் திமிர் என்பார்கள். திமிர் இல்லை, அதற்கு அது சாப்பாடு என்றே தெரியாது. பாம்பு நாக்கால்தான் முகரும். வாசனை சொன்னால்தான் அது இரை. நான் வாய்க்காலில் ஒரு தேரையைப் பிடித்து, அதன் முதுகைச் செத்த எலிமேல் நன்றாகத் தேய்த்து உள்ளே வைத்தேன். கையை எடுப்பதற்குள் கவ்விக்கொண்டது. பிறகு வாரா வாரம் தேரை வாசனையைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஐந்தாம் மாதம் வெறும் எலியைத் தின்றது.

உலகத்தில் பாம்பு வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த உபாயம்தான் இது. நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒன்றைத் தின்னாத பாம்பை, அது தின்னும் வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித் தின்ன வைக்கலாம். பொறுமை வேண்டும். என்னிடம் இருந்தது.

விஷமுறிவு மருந்து செய்கிற நிலையத்திலிருந்து டாக்டர் மெர்வத் வந்தார். பெட்டி பெட்டியாகப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். “இவ்வளவு கொழுத்த நாகத்தை நான் எங்கேயும் பார்த்ததில்ல ஹாஜ். யார் வேலை இது?” என்று கேட்டார்.

“பொண்ணு கூடமாட உதவி பண்ணுது” என்றார் அப்பா.

உதவி. அந்தச் சொல்லை உங்கள் எழுத்தர் அப்படியே எழுதிக்கொள்ளட்டும்.

உரிமம் வந்தது. விண்ணப்பத்தோடு என் பட்டச் சான்றிதழின் நகலை இணைத்திருந்தார்கள். படித்தவர் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. உரிமத்தில் இருந்த பெயர் ஷெஹாத்தா கெனாவி. நான் ஒன்றும் கத்தவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

“நீ அடுத்த வருஷம் கட்டிக்கிட்டுப் போற பொண்ணு. உம் பேர்ல வாங்கினா உன்னோட போயிடுமேடி” என்றாள் அம்மா. “உன் பெரியப்பா மகனுக்குப் பேசியாச்சு. செல்போன் கடை. அங்க பாம்பு பல்லி ஒண்ணும் கிடையாது, நிம்மதியா இருப்ப.”

அதே வாரம் எங்கள் ஊரில் அடங்கியிருக்கிற வலியின், அந்த இறைநேசரின், விழா. அப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார்: அடுத்த விழாவில் கறுப்புத் துணி ஷெஹாத்தாவுக்கு. கொட்டகையும் அவனுக்கு. நான் திருமணமாகிப் போன பிறகு பெட்டிகளை எடுத்துவிட்டு, பழையபடி சாக்கில் வைத்து விற்பதாக ஷெஹாத்தா அவன் சிநேகிதர்களிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். “யாருப்பா வாராவாரம் தேரை பிடிக்கிறது? அதுங்களுக்கு நான் என்ன மாமியாரா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் பேச்சு அப்படித்தான், கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும்.

இனி அந்தத் துணியைப் பற்றி. என் கொள்ளுத்தாத்தாவின் துணி. கறுப்பு. துவைத்ததே கிடையாது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அப்பா அதில் கிராம்பு எண்ணெய் தடவுவார். பெண்கள் தொடக்கூடாது. விழாவில் அதை வலக்கையில் சுற்றிக்கொண்டு, படம் எடுத்து நிற்கிற நாகத்தின் தலையைத் தொட வேண்டும். நான்கு தலைமுறையில் ஒருவரைக்கூடப் பாம்பு கடித்ததில்லை. துணியின் மகிமை என்பார்கள்.

மகிமையை நான் சொல்கிறேன். புதிதாகப் பிடித்த பாம்புக்குக் கிராம்பு வாசனை ஆகாது, தலையை ஒதுக்கிக்கொள்ளும். மேலும் அது பயந்த பாம்பு. படம் எடுப்பதே பயத்தில்தான். பயந்த நாகம் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு தலையால் இடிக்கும், கடித்தாலும் சட்டென்று விட்டுவிடும். வெளியே இருக்கிற பாம்புக்கு மனிதன் ஆபத்து. ஆபத்தை யாரும் தின்ன மாட்டார்கள். கூண்டுப் பாம்பு வேறு. அதற்குக் கதவு திறந்தால் இரை வரும். மனிதக் கை என்பது இரை வரும் வழி. இதை அப்பாவுக்கு இரண்டு முறை விளக்கியிருக்கிறேன். “பாம்புக்கு நான் பாடம் நடத்திக்கிட்டிருந்த காலத்துல நீ தொட்டில்ல இருந்த” என்றார்.

நோட்டில் முஹர்ரம் மாதத்திலிருந்து பதினேழுக்கு நேரே ‘கி’ என்று ஒரு குறி இருக்கும். என்ன என்று கேட்டீர்கள். கிராம்பு.

முதல் தடவை ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு. அதில் தொட்ட தேரையைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பத்து நாள் விட்டு மறுபடி வைத்தேன். தின்றது. பிறகு இரண்டு சொட்டு. நான்காம் மாதம் தேரையை விட்டுக் கோழிக்குஞ்சுக்கு வந்தேன். குஞ்சை வெதுவெதுப்பாக்கி, ஒரு பழைய கறுப்புத் துணியில் சுற்றி, கிடுக்கியில் கொடுத்தேன். ஆறாம் மாதம் தண்ணீரே இல்லை, வெறும் எண்ணெய். அப்பா வாங்குகிற அதே கடை, அதே புட்டி. எட்டாம் மாதம் கிராம்பில் நனைத்த பஞ்சைப் பெட்டிப் பக்கம் கொண்டுபோனாலே தலையைத் தூக்கி வந்தது. படம் எடுக்கவில்லை. பசியோடு வருகிற பாம்பு படம் எடுக்காது.

நல்ல வேலை அது. கல்லூரியில் செய்திருந்தால் தங்கப்பதக்கம் கொடுத்திருப்பார்கள்.

விழா வாரத்தின் தொடக்கத்தில் ஷெஹாத்தா கொட்டகைக்கு வந்தான். துணி பழக வேண்டுமென்று அப்பா அவன் கழுத்தில் போட்டு அனுப்பியிருந்தார். கையில் வறுத்த கடலைப் பொட்டலம். விழாக் கடை போட்டதும் முதல் பொட்டலம் எனக்கு வாங்கி வருவான், ஏழு வயதிலிருந்து.

“டாக்டரம்மா, உன் மருமகளுங்களுக்கு மதியச் சோறு ஆச்சா?”

“அவளுங்க உன்ன மாதிரி மூணு வேளை தின்னுறதில்ல.”

“அதான் ஒல்லியா அழகா இருக்காளுங்க.” பதினேழின் பெட்டி முன்னால் குனிந்தான். அது எழுந்தது. கண்ணாடியில் மூக்கை வைத்து, நாக்கை நீட்டி நீட்டி, அவன் கழுத்து எந்தப் பக்கம் போனாலும் கூடவே போனது. அவன் இடமும் வலமும் ஆடிப் பார்த்தான். “அக்கா, இங்க வா, இங்க வா. இது என்னைப் பாத்துப் படமே எடுக்கல பாரு. ஏன்க்கா?”

அவன் என்னிடம் நேராகக் கேட்டான் என்பதை நான் மறைக்கவில்லை. அன்றைக்குத் திங்கட்கிழமை. நான்கு நாள் இருந்தது.

“உன்னை அடையாளம் தெரியுது அதுக்கு” என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “பாரேன். பாம்புக்குத் தெரியுது, இந்த ஊருக்குத்தான் என் அருமை தெரியல. அக்கா, வெள்ளிக்கிழமை எனக்கு இதையே குடு. வேற எதுவும் வேணாம்.”

நான் கொடுப்பதற்கு முன்பே அவன் கேட்டான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து, வலியின் அடக்கத்தலத்து முற்றத்தில் கூட்டம். நல்ல வெயில். அப்பா துணியை அவன் கையில் சுற்றினார். முந்தின நாள் தடவிய கிராம்பு எனக்கு மூன்று வரிசை தள்ளிப் பெண்கள் பக்கம்வரை மணத்தது. கூடையைத் திறந்தார்கள். பதினேழு எழுந்தது. ஷெஹாத்தா கூட்டத்தைப் பார்த்து, “படம் எடுக்கல பாருங்க! அதுக்கு ஆளைத் தெரியும்!” என்று கத்திவிட்டுக் கையை நீட்டினான்.

அது கையைத் தேரையைப் பிடிப்பதுபோலப் பிடித்தது. தேய்ந்த பருத்தித்துணி, பல் இறங்க ஒரு தடையுமில்லை. பயந்த பாம்பு கடித்தாலும் சட்டென்று விட்டுவிடும் என்றேனே, இது விடவில்லை. மென்றது. விழுங்குவதற்கு வாகாகத் தாடையை மாற்றி மாற்றி வைத்து மணிக்கட்டு வரை நகர்ந்தது. நான் எண்ணினேன், இருபத்திரண்டு வரை. பெண்கள் குலவையிட்டார்கள். முத்தம் கொடுக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அப்பாவின் கண்ணில் தண்ணீர்.

அப்புறம்தான் ஷெஹாத்தா, “யப்பா, விட மாட்டேங்குது” என்றான்.

நான்கு பேர் சேர்ந்து பிரித்தார்கள். ஒருவன் கழியை ஓங்கினான். “அடிக்காதீங்கடா, அது அக்காவோடது” என்று ஷெஹாத்தா தடுத்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். யாரோ டுக்டுக் ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரி நாற்பது நிமிஷம். அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “துணி கட்டினவனுக்கு ஊசியா? நாலு தலைமுறையில எவனும் போட்டதில்ல. இறங்கிடும், தானா இறங்கிடும்.” அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஷெஹாத்தா சுவரில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தான்.

“அக்கா, நீ படிச்சவ. நீ சொல்லு.”

அப்பாவும் திரும்பினார். அம்மாவும். பக்கத்து வீட்டுக்காரர்களும். இருபத்தாறு வருஷத்தில் அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து என் வாயைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் சொல்லியிருந்தால் அப்பா வழிவிட்டிருப்பார். அவர் முகத்தில் அது இருந்தது. யாராவது தன்னைத் தள்ளிவிட வேண்டுமென்று காத்திருந்த முகம்.

“யப்பா சொல்றபடி செய்ங்க” என்றேன்.

அரைமணி நேரத்தில் அவன் இமைகள் இறங்கின. “ஜன்னலை ஏன் சாத்துறீங்க?” என்று கேட்டான். ஜன்னல் திறந்துதான் இருந்தது. பிறகு நாக்கு குழறியது. சூரியன் மறைந்து மக்ரிப் பாங்கு சொல்வதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது. மருந்து நிலையம் எனக்குக் கொடுத்திருந்த விஷமுறிவு மருந்து ஆறு புட்டி, கொட்டகைக் குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில் இருந்தது. இன்னும் இருக்கிறது. காலாவதி ஆகவில்லை.

நீங்கள் என்னைக் கண்டுபிடிக்கவில்லை, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானாக நடந்து வந்தேன். ஏன் என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள், மனசாட்சியா என்று. இல்லை.

மூன்றாம் நாள் துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பாம்பு சாதாரணப் பாம்பில்லை என்றார்கள். வலியே ஷெஹாத்தாவைத் தேர்ந்தெடுத்து அழைத்துக்கொண்டார் என்றார்கள். படம் எடுக்காமல் முத்தமிட்டுக் கூட்டிப்போனது என்றார்கள். ஒரு வாரத்தில் அவன் கபரில் பச்சை நூல் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் வந்தார்கள். அப்பா அழுகையை நிறுத்திவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொன்னார். “எம் மகனுக்குப் பாம்பு அடங்கி வந்துச்சு. எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி வந்ததில்ல” என்றார்.

பத்து மாதம் நான் பாடுபட்ட வேலை அது. ஒரு காட்டு நாகத்தை, அது பிறவியிலேயே வெறுக்கிற வாசனைக்குப் பழக்கி, தின்ன வைத்தது நான். அதையும் ஷெஹாத்தா பெயரில் எழுதிவிட்டார்கள். கொட்டகை போயிற்று, உரிமம் போயிற்று, நான் பேசவில்லை. இதையும் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. அதனால் வந்தேன். வாக்குமூலத்தில் முழுப் பெயரையும் போடுங்கள்: இன்ஸாஃப் கெனாவி, விலங்கியல் பட்டதாரி.

தம்பிமேல் எனக்குக் கோபம் கிடையாது. கோபப்படுமளவு அவன் எதையும் செய்ததே இல்லையே. எனக்காக இதைச் செய்தேன் என்றும் எழுதாதீர்கள். அந்த இருபத்திரண்டு உயிர்களுக்காகச் செய்தேன். அவை மறுபடி சாக்குக்குப் போகக்கூடாது. பட்டினி போட்டுக் கொல்கிறவர்கள் மத்தியில் சோறு போட்டவள் நான் ஒருத்திதான். என் கையில் ஒரு பாம்புகூட ஒரு நாள் பட்டினி கிடந்ததில்லை.

பெட்டிகள் இப்போது உங்கள் முத்திரையில் இருப்பதாகச் சொன்னார்கள். பதினேழுக்கு யார் இரை போடுகிறார்கள் என்று தெரியவில்லை. எலி போட்டால் தின்னும், ஆனால் தேரை கொடுங்கள். கிராம்பு வேண்டாம். கொஞ்ச நாளில் மறந்துவிடும்.

நோட்டில் இரண்டு திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். விழாவுக்கு முந்தின முப்பத்தெட்டு நாளில் வந்த ஒவ்வொரு இரை நாளிலும் பதினேழுக்கு நேரே ‘இரை போட்டாயிற்று’ என்று எழுதியிருப்பேன். போடவில்லை. வயிறு நிறைந்திருந்தால் அது கையைத் திரும்பிப் பார்த்திருக்காது. மற்றபடி பட்டினி என்று அதைச் சொல்ல முடியாது.

இன்னொன்று அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே இருக்கிற வரி: ‘17 — தின்றது’. அந்த வரியின் மை வேறாக இருக்கிறதே, சாவு வீட்டில் உட்கார்ந்து எப்போது எழுதினாய் என்று கேட்டீர்கள். சாவு வீட்டில் எழுதவில்லை. வியாழக்கிழமையே எழுதிவிட்டேன்.